சின்னப் பாய்மரக் கிளப்: காற்று இருக்கு, படகு இருக்கு, ஆள் வரலை. என்ன செய்யலாம்?

#1 நங்கூரம்

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பாய்மரக் கிளப்புக்கு இரண்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் 43 பேர். கிளப்புக்குச் சொந்தமாக 9 டிங்கி (சின்னத் திறந்த பாய்மரப் படகு), இன்ஜின் வைத்த மீட்புப் படகு ஒன்று, ஒரு கொட்டகை, படகு இறக்க ஒரு சிமென்ட் சரிவு. சம்பளத்துக்கு யாரும் கிடையாது. எல்லா வேலையும் உறுப்பினர்களே செய்வதுதான்.

போன சனிக்கிழமை காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்), அலை சின்னது, நீர் ஏறிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது. வந்தவர்கள் ஆறு பேர். மீட்புப் படகில் போக இரண்டு பேர் வேண்டும், ரேஸ் நடத்தக் கரையில் ஒருவர் வேண்டும், மிச்சம் மூன்று பேர். 2 மணி ரேஸை 3 மணிக்குத் தள்ளினோம். 3 மணிக்கும் ஆள் சேரவில்லை, ரத்து செய்துவிட்டோம். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் "இன்னைக்கு இல்லம்மா" என்று சொன்னது நான்தான். அதன் பிறகு இரண்டு நாள் மனசு சரியில்லை.

ரேஸைக் குறைத்துவிட்டுச் சும்மா சுற்றிவர விடலாம் என்கிறார்கள் பாதிப் பேர். ரேஸ் இல்லையென்றால் கிளப்பே இல்லை என்கிறார்கள் மீதிப் பேர். உங்கள் கிளப்புகளில் என்ன செய்கிறீர்கள்?

---

#2 கச்சான்

அண்ணா, முதல்ல ஒரு கேள்வி. டூட்டிப் பட்டியல் எப்படிப் போடுறீங்க? யார் விருப்பப்பட்டு வர்றாங்களோ அவங்களா, இல்ல எல்லாருக்கும் முறை உண்டா?

---

#3 நங்கூரம்

தம்பி, விருப்பப்பட்டு வருபவர்கள்தான். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பெயர் எழுதலாம். உண்மையைச் சொன்னால் அதே ஐந்து பேர்தான் எழுதுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த வருடம் படகில் ஏறவே இல்லை, எல்லா வாரமும் மீட்புப் படகுதான்.

---

#4 கச்சான்

அப்போ பிரச்சினை அங்கதான் இருக்கு. அந்த ரெண்டு பேரும் அடுத்த வருஷம் சந்தா கட்ட மாட்டாங்க, பாருங்க. எங்க கிளப்புல இதே நடந்துச்சு. நல்ல மனுஷங்க, கேட்டா மறுக்கத் தெரியாதவங்க, அவங்கதான் முதல்ல போனாங்க.

நாங்க பண்ணது இதுதான். சந்தா கட்டுற எல்லாருக்கும் வருஷத்துல மூணு டூட்டி. தேதி வருஷ ஆரம்பத்துலயே முடிவாயிடும். அந்த நாள் முடியலைன்னா இன்னொருத்தரோட மாத்திக்கிறது அவங்க பொறுப்பு, செயலாளர் பொறுப்பு இல்ல. முதல் வருஷம் நாலு பேர் சண்டை போட்டாங்க. ஒருத்தர் கிளப்பை விட்டே போனார். மிச்சப் பேர் வந்தாங்க. உங்க 43 பேர்ல பத்துப் பேர் சின்னப் பிள்ளைங்கன்னு வெச்சாக்கூட 33 பேர், ஆளுக்கு மூணுன்னா 99 டூட்டி. ஒரு சனிக்கிழமைக்கு மூணு பேர்னா 33 வாரம் ஓடிடும்.

---

#5 மூன்றாம்மிதவை

கச்சான் சொன்ன கணக்கை அப்படியே ஆமோதிக்கிறேன். ஆனால் டூட்டிக்கு ஆள் வந்தாலும் ரேஸுக்கு ஆள் வர ஒரு காரணம் வேண்டும். உங்கள் 9 டிங்கியும் ஒரே வகையா, வேறு வேறா? வேறு வேறு என்றால் யார்ட்ஸ்டிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு படகு வகைக்கும் ஒரு எண். வேகமான படகுக்குச் சின்ன எண், மெதுவான படகுக்குப் பெரிய எண். ஓட எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். 1100 எண் உள்ள படகு 55 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் சரியாக 50 நிமிடம். 1400 எண் உள்ள பழைய மரப்படகு 68 நிமிடத்தில் முடித்தால் 48 நிமிடம் 34 விநாடி. மரப்படகுதான் ஜெயித்தது. பதின்மூன்று நிமிடம் பின்னால் வந்தவர் ஜெயிக்கிறார்.

இதில் ஒரே குறை, யார் ஜெயித்தார் என்பது கணக்குப் போட்டு முடிக்கும்வரை தெரியாது. அதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் நாங்கள் மாதத்தில் ஒரு முறை துரத்தல் ரேஸ் வைக்கிறோம். கணக்கை முன்கூட்டியே போட்டு, மெதுவான படகை முதலில் விடுவது. 60 நிமிட ரேஸ் என்றால் 1400 படகு 0 நிமிடத்தில் கிளம்பும், 1100 படகு சுமார் 13 நிமிடம் கழித்துக் கிளம்பும். 60-ஆவது நிமிடத்தில் ஊதல் ஊதும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் முதல். கரையில் நிற்பவர்களுக்குக்கூடப் புரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாப் படகும் ஒரே மிதவையை நோக்கி நெருங்கி வரும்போது கரையிலிருந்து வரும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் முடிப்பதால் எல்லாரும் ஒன்றாகக் கரைக்கு வருகிறார்கள், ஒன்றாகப் படகு இழுக்கிறார்கள். கிளப் என்பது அந்த அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

---

#6 எதிர்காற்று

துரத்தல் ரேஸ் மாதம் ஒன்று சரி. ஆனால் அதையே பெரிதாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நடுவில் காற்று ஏறினாலோ விழுந்தாலோ முதலில் கிளம்பியவர்களுக்கோ கடைசியில் கிளம்பியவர்களுக்கோ நியாயமில்லாத லாபம் கிடைத்துவிடும். எல்லாப் படகும் ஒரே கோட்டில் நின்று, ஒரே நேரத்தில் கிளம்பும் ரேஸில்தான் படகு ஓட்டவே கற்றுக்கொள்கிறோம். காற்றை இடப்பக்கம் வாங்கி வரும் படகு, வலப்பக்கம் வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் நூறு தடவை படிக்கலாம். தொடக்கக் கோட்டில் இருபது விநாடி இருக்கும்போது ஒரு படகு நேராக உங்களை நோக்கி வந்தால்தான் அது உடம்பில் ஏறும்.

நான் பேசுவது போட்டி வெறியில் அல்ல. சும்மா சுற்றிவரும் நாட்களில் காற்று கொஞ்சம் கூடினாலே எல்லாரும் கரை ஏறிவிடுகிறார்கள். ரேஸ் ஓட்டிப் பழகியவர்கள் 15 நாட் காற்றிலும் பதறாமல் வீடு வந்து சேருகிறார்கள். பாதுகாப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

---

#7 அணியம்

நான் இந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவன் என்று நினைக்கிறேன். ஆப்டிமிஸ்ட் பற்றி யாரும் பேசவில்லையே.

1947-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காக வடிவமைத்த படகு அது. வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளலாம், சீக்கிரம் முடித்துவிடலாம் என்பதுதான் யோசனை. தொட்டி மாதிரிச் சதுர மூக்கு, 2.3 மீட்டர் நீளம், வெற்று உடல் 35 கிலோ. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பதினைந்து வயது வரை அந்தப் போட்டியில் ஓட்டலாம்.

நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். கண்ட உண்மை ஒன்று. பிள்ளை வந்தால் பெற்றோர் வருவார்கள். ஆனால் அந்தப் பெற்றோரைக் கரையில் சும்மா உட்கார வைத்தீர்களோ, மூன்றாவது வாரம் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். முதல் நாளே அவர்கள் கையில் ஒரு வேலை கொடுங்கள். நான் கொடுப்பது கொடி.

ரேஸ் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (எந்தப் படகு வகை ஓடப்போகிறது என்று காட்டும் கொடி) ஏறும். நான்கில் 'பி' கொடி ஏறும், நீலக் கொடி, நடுவில் வெள்ளைச் சதுரம். ஒன்றில் அது இறங்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும், படகுகள் கிளம்பும். ஊதல் ஊத மறந்தாலும் பரவாயில்லை, நேரம் கொடியிலிருந்துதான் எடுக்கப்படும், விதியே அப்படித்தான். இவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்கும் அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். கடலில் பத்துப் பிள்ளைகள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர் வராமல் இருக்க மாட்டார்.

சரிவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எனக்குத் தெரிந்த பிள்ளை மாதிரியே இருந்தாள். அவளுடைய அம்மா அப்பா அன்றைக்கு எங்கே இருந்தார்கள்?

---

#8 நங்கூரம்

ஐயா, அவளுடைய அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அப்படித்தான். நான் ஒரு தடவைகூட அவரிடம் போய் எதுவும் கேட்டதில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

---

#9 கருங்கல்துறை

மீட்புப் படகுக்குப் புது ஆட்களை ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும்.

நான் முன்பு இருந்த கிளப்பில் நடந்தது. மிதவையை எடுக்க இரண்டு பேர் போனார்கள். ஓட்டியவர் பத்து வருட அனுபவசாலி. கில் கார்டு என்ற அந்தச் சிவப்புச் சுருள் கயிறு, ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறு முனை ஓட்டுபவர் காலில் இருக்க வேண்டும். அவர் இன்ஜின் முனையை மாட்டினார், கால் முனையைக் கைப்பிடியில் சுற்றி வைத்தார். "ஒரு நிமிஷ வேலைதானே" என்றார். மிதவைக் கயிறு இன்ஜின் பக்கம் போகுதே என்று எழுந்து குனிந்தபோது அலை ஒன்று அடித்தது. ஆள் தண்ணீரில், படகு வேகத்தில். ஓட்ட ஆளில்லாத படகு நேராகப் போகாது, வட்டம் போடும், விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். முன்னால் இருந்த பையன் தவழ்ந்து வந்து கயிற்றைப் பிடுங்கியதால் பிழைத்தார். புரொப்பெல்லர் அவரிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நின்றது. கரையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த இன்ஜின் சத்தம் நின்ற நொடி காதில் இருக்கிறது.

அதனால் இப்போது நான் இருக்கும் கிளப்பில் யார் மீட்புப் படகு எடுத்தாலும், சரிவைவிட்டுக் கிளம்பும் முன் இன்ஜினைப் போட்டுக் கயிற்றை இழுத்து இன்ஜின் நிற்கிறதா என்று காட்ட வேண்டும். தலைவராக இருந்தாலும் சரி. காலில் மாட்டியிருப்பதைக் கூட வருபவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் படகு நகரும்.

கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், காற்றே இல்லை என்று தோன்றும். இருநூறு மீட்டர் போன பிறகுதான் தெரியும். அப்போது காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்.

---

#10 கச்சான்

படிச்சதும் கை நடுங்குது. நாளைக்கே எங்க கிளப்புல இந்தப் பழக்கத்தைக் கொண்டுவர்றேன்.

---

#11 தாமான்கயிறு

கவிழ்ந்து நிமிர்த்தும் பயிற்சி வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாருக்கும் வையுங்கள். பெரியவர்கள்தான் தட்டிக்கழிப்பார்கள். ஆழம் பார்த்து வையுங்கள், ஆழமில்லாத இடத்தில் படகு தலைகீழானால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். ஒருவர் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் எடை போட, மற்றவர் உள்ளே மிதந்து கால்பட்டையை (படகுக்குள் கால் மாட்டிக்கொள்ளும் பட்டை) பிடித்துக்கொண்டால் படகு எழும்போது அவரையும் அள்ளிக்கொண்டு வரும். இரண்டு தடவை செய்துவிட்டால் பயம் போய்விடும். எங்களிடம் கவிழப் பயந்துதான் ஆறு பேர் வராமல் இருந்தார்கள் என்பது அந்தப் பயிற்சி வைத்த பிறகுதான் தெரிந்தது.

---

#12 எதிர்காற்று

கருங்கல்துறை எழுதியதைப் படித்தபோது 1988 சியோல் ஒலிம்பிக் நினைவுக்கு வந்தது. பாய்மரப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. ஃபின் என்ற ஒற்றையாள் படகு வகுப்பில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பந்தயத்தில் சிங்கப்பூர் படகு ஒன்று கவிழ்ந்து, இரண்டு பேர் பெரிய அலையில் தவித்தார்கள். அவர் தன் ரேஸை விட்டுவிட்டு அவர்களிடம் போனார். காப்பாற்றி, மீட்புப் படகு வரும்வரை நின்று, பிறகு ரேஸை முடித்தார். நடுவர்கள் அந்த ரேஸில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். பதக்கம் கிடைக்கவில்லை, ஆனால் விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ கூபர்த்தான் விருது கிடைத்தது.

பாய்மரப் பந்தய விதிப்புத்தகத்தில் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான். உதவப் போனதால் இடம் இழந்தால் அதைச் சரிசெய்து கேட்கவும் விதி இருக்கிறது. அதனால்தான் நான் ரேஸை விடாதீர்கள் என்கிறேன். எங்கள் கிளப்பில் பிள்ளைகளுக்கு வழிவிடும் விதிகளைச் சொல்லித்தருவதற்கு முன் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

---

#13 தாழைக்கரை

எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி மூன்று வருடம் ஆகிறது. டிங்கியில் குனிந்து, பாயின் அடியில் இருக்கும் 'பூம்' கம்புக்குக் கீழே நுழைந்து பக்கம் மாற முடியாது. கிளப்பில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் எதுவும் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். "அக்கா நீங்க உட்காருங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே ஒரு வருடம் போகாமல் இருந்தேன்.

திரும்ப வந்ததற்குக் காரணம் ஹன்சா 303 என்ற படகு. இரண்டு பேர் அருகருகே முன்னால் பார்த்து உட்காரலாம், துணி இருக்கை, நடுவில் ஒரு கம்பி, அதைத் தள்ளினால் சுக்கான் திரும்பும். நடுப்பலகையில் எடை இருப்பதால் எளிதில் கவிழாது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே வேண்டாம். பக்கத்துக் கிளப்பிலிருந்து ஒரு நாள் இரவல் வாங்கி வந்தார்கள். பாய் நிரம்பி, உடம்பு கொஞ்சம் சாய்ந்து, தண்ணீர் பக்கத்தில் சலசலவென்று ஓடும் அந்தச் சத்தத்தை மூன்று வருடம் கழித்துக் கேட்டேன். அழுதுவிட்டேன்.

இப்போது எல்லா ரேஸுக்கும் முடிவுக் கோட்டில் நேரம் எழுதுவது நான்தான். நங்கூரம் தம்பி, உங்கள் 43 பேரில் வராதவர்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். குழுவில் செய்தி அனுப்பாதீர்கள், போன் போடுங்கள். எதற்காக வரவில்லை என்று கேளுங்கள். பாதிப் பேர் வர ஆசையோடுதான் இருப்பார்கள்.

---

#14 மூன்றாம்மிதவை

படகு நிலைமையையும் பாருங்கள். கிளப் படகில் ஏதாவது ஒன்று உடைந்தே இருந்தால் ஆள் வரமாட்டார்கள். கயிறு இறுகாது, சுக்கான் ஆடும், அடைப்பான் காணாமல் போயிருக்கும். வந்தவர் முக்கால்மணி நேரம் அதோடு போராடிவிட்டு, அடுத்த வாரம் வீட்டிலேயே இருப்பார்.

லேசர் வகைப் படகு வைத்திருந்தால் பாய்மரம் நிற்கும் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அடியில் மணல் இருக்கும். பாய்மரம் அந்தக் குழிக்குள் திரும்பிக்கொண்டே இருப்பதால், அந்த மணல் உப்புத்தாள் மாதிரி அடிப்பக்கத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தண்ணீர் உள்ளே போகும், ஏன் படகு கனக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழியில் தண்ணீர் ஊற்றிக் குறித்து வைத்து, பத்து நிமிடத்தில் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பாய்மரம் ஏற்றும் முன் நல்ல தண்ணீர் விட்டு அலசினால் போதும், பல வருடம் தாங்கும்.

கிளப் படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வையுங்கள். பழுது பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. என்ன உடைந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

---

#15 நங்கூரம்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

தாழைக்கரை அக்கா சொன்னபடி 26 பேருக்குப் போன் போட்டேன். மூன்று மாலை ஆனது. ஐந்து பேர் இனி வரமாட்டோம் என்று நேராகச் சொன்னார்கள். ஒன்பது பேர், யாரும் கூப்பிடவில்லையே என்றார்கள். ஒருவர், போன வருடம் தன்னிடம் ஒரு மிதவையைத் தொட்டதற்காக எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்கள் என்றார். கத்தியது யார் என்று எனக்குத் தெரியும், நானும் அப்போது பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டூட்டி முறை கூட்டத்தில் நிறைவேறியது. ஆளுக்கு மூன்று கேட்டேன், இரண்டுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். எல்லா வாரமும் மீட்புப் படகிலேயே இருந்த அந்த இரண்டு பேரும் இந்த மாதம் ஒரே டிங்கியில் ஏறினார்கள். கரைக்கு வந்து ஒரு மணி நேரம் பாயைச் சுருட்டாமல் பேசிக்கொண்டே நின்றார்கள்.

முதல் துரத்தல் ரேஸில் பதினொரு படகு. பத்து வருடமாகக் கொட்டகையில் கிடந்த மரப்படகு இரண்டாவதாக வந்தது. அது கிளம்பிப் பதினைந்து நிமிடம் கழித்து இறங்கிய எங்கள் வேகமான ஓட்டுநர் கடைசி மிதவையில் அதைப் பிடிக்க முடியாமல் மூன்றாவதாக வந்து, நேராகப் போய் அந்தப் படகைச் சரிவில் இழுத்துக்கொடுத்தார்.

அணியம் ஐயா, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய்க் கொடி பிடிக்கிறீர்களா என்று கேட்டேன். "எனக்கு எதுவும் தெரியாதே" என்றார். முதல் நாள் நீலக் கொடியை ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்கிவிட்டார். ரேஸைத் திரும்ப ஆரம்பித்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் சரியாக இறக்கினார். மகள் முதல் மிதவையை மூன்றாவதாகச் சுற்றியபோது கொடிக் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார், கயிறு கம்பத்து உச்சிக்குப் போய்விட்டது. அதைக் கீழே கொண்டுவரத்தான் இப்போது ஏணி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கில் கார்டு சோதனை முதல் வாரத்திலிருந்தே நடக்கிறது. நேற்று அந்த அம்மா என்னிடம் வந்து மீட்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கருங்கல்துறை, புதிதாகக் கற்பவருக்கு முதல் நாள் நீங்கள் எதிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?

---

#16 கருங்கல்துறை

இன்ஜினைப் போடாமல், சரிவில் நிற்கும் படகில் உட்கார வைத்து ஆரம்பிப்பேன். கயிற்றைக் காலில் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டும்வரை. தண்ணீரில் இறங்கிய பிறகு, கவிழ்ந்த படகை எப்போதும் காற்று வரும் பக்கம் பார்த்து மெதுவாக அணுகி, ஆளைத் தொடும் முன் இன்ஜினை அணைக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டில் தண்ணீர்க் கேன் கட்டிப் போட்டு, அதைப் பத்து முறை எடுக்கச் சொல்லுங்கள். ஏழாவது எட்டாவது முறையில் கை தானாகவே சுவிட்சுக்குப் போகும். அதற்குப் பிறகு மகளோடு கவிழும் பயிற்சிக்கு அவரையே அனுப்பலாம்.